கைப்பேசி மருந்துக்கடையும் ஐந்தாமவனும்

மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர் அங்கு ஒரு மூலிகையின் பெயரையேனும் குறித்தாரல்லர். உண்ணும் அளவையும் பசியின் அளவையும் பற்றியே பெரிதும் பேசிச் சென்று, இறுதிக் குறளிலே மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என அறுதியிட்டார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் மருந்து ஒன்றே சடப்பொருள். ஏனைய மூவரும் மனிதர். நோயாளிக்கும் மருந்துக்குமிடையே அறிவுடையோர் இருவர் நின்றாலன்றி அது மருத்துவமாகாது என்பது இவ்வகுப்பின் உட்கிடை. இற்றை மொழியிற் கூறின் வைத்தியரும் மருந்தாளரும் அவ்விருவராவர்.

இன்று இலங்கையில் முகநூலிலும் ரிக்ரொக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நடைபெறும் மருந்து வாணிகம் அவ்விருவரையும் ஒருங்கே அகற்றிவிட்டது. எஞ்சி நிற்பவை நோயும் குளிசையுமே. ஆனால், அகற்றப்பட்ட இருவரின் இடம் வெறுமையாக விடப்படவில்லை. அங்கே ஐந்தாமவன் ஒருவன் வந்து அமர்ந்துள்ளான். அவன் நோயாளியைக் கண்டதில்லை, மருந்தைத் தொட்டதுமில்லை. விளம்பரத்தை வாங்கி, அதனை யாருக்குக் காட்ட வேண்டுமெனக் கணித்து, காட்டியதற்குக் காசு பெறுகிறான். சமூக ஊடகங்களில் நடைபெறும் சட்டவிரோத மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்துதல் பற்றி எழும் பேச்சுகள் யாவும் விற்பவனைப் பிடிக்க வேண்டும் என்றோ, வாங்குபவனுக்குப் புத்தி புகட்ட வேண்டும் என்றோ முடிகின்றன. ஐந்தாமவனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவ்வாறு திறவாதவரை, கட்டுப்பாடு என்னும் சொல் வெறும் ஒப்பனையாகவே அமையும்.

இவ்வாணிகத்தின் நடைமுறை எளிமையானது. அழகிய பெயருடன் ஒரு பக்கம் திறக்கப்படும். முகம் வெளுத்ததற்கும் உடல் மெலிந்ததற்கும் சான்றாக ‘முன்’, ‘பின்’ என இரு படங்கள் இடப்படும். விலை குறிக்கப்படாது, ‘உள்பெட்டிக்கு வாருங்கள்’ என்ற அழைப்பு மட்டும் இருக்கும். உரையாடல் வட்ஸ்அப்புக்கு மாறும். பொதி கூரியரில் வரும். காசு வாயிலிலே கைமாறும். கடையுமில்லை, பற்றுச்சீட்டுமில்லை. முறைப்பாடு எழுமாயின் பக்கம் மறைந்து வேறு பெயரில் மறுநாள் முளைக்கும். வெள்ளையாக்கும் கிறீமும் மெலிவிக்கும் குளிசையும் ஆண்மை பெருக்கும் என்று கூறப்படும் மாத்திரையும் கருவைக் கலைக்கும் குளிசையும் நரம்பு வலிக்கெனத் தயாரிக்கப்பட்டு இளைஞரிடையே போதைப்பொருளாகிவிட்ட பிரிகபலினும் இவ்வொரே பாதையில்தான் செல்கின்றன. நீரிழிவை நாற்பது நாளில் அடியோடு நீக்குவதாகத் தமிழகத்திலிருந்து பேசும் காணொளிகள் தனியொரு வகை. இத்தகைய மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராக இந்தியா 1954ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தை இயற்றியது என்பதைக் கடல் கடந்து அவற்றைக் கேட்போர் அறியார்.

சட்டமில்லாமையால் இது நிகழ்கின்றது என்று எண்ணுவோர் வரலாற்றை நோக்குதல் வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டில் இந்நாடு பிறரிடம் பாடம் கேட்டதன்று. பிறருக்குப் பாடம் சொன்னது. மருந்தியற் பேராசிரியராகவும் பேராதனையில் மருத்துவ பீடாதிபதியாகவும் விளங்கிய சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கை, ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுவதன் பின்னணியை அம்பலப்படுத்தியது. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளின் பட்டியல் 600 அளவுக்குச் சுருக்கப்பட்டது. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் உண்மைப் பெயர் வலியுறுத்தப்பட்டது. 1977இல் பிபிலே கயானாவில் காலமானார். அதே ஆண்டில் ஆட்சி மாறிற்று; திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது; கூட்டுத்தாபனத்தின் இறக்குமதித் தனியுரிமையும் நீங்கிற்று. 1980இல் அழகுசாதனப் பொருள்கள், சாதனங்கள், ஒளடதங்கள் சட்டம் நிறைவேறியது. பிபிலேயின் கோட்பாட்டைத் தழுவிய தேசிய ஒளடதக் கொள்கையொன்றை அமைச்சரவை 2005இல் ஏற்றது. ஆயினும், அது 5ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமாக உருப்பெறுவதற்குப் பத்தாண்டுகள் சென்று 2015 வரவேண்டியிருந்தது.

அச்சட்டத்தின்படி பதிவு பெறாத மருந்தை எவரும் இறக்குமதி செய்யவோ, விற்கவோ, களஞ்சியப்படுத்தவோ இயலாது. விற்கும் இடத்துக்கு உரிமம் வேண்டும்; விளம்பரத்துக்கு அனுமதி வேண்டும். எனவே, கைப்பேசியில் நடைபெறும் வாணிகம் ஏற்கெனவே குற்றமாகும். குற்றமென எழுதிவைத்துவிட்டு அக்குற்றம் நாள்தோறும் பட்டப்பகலில் நிகழ்வதை நோக்கியிருத்தல் சட்டம் இல்லாமையினும் கேடானது. ஏனெனில், சட்டம் இல்லாவிடத்து மக்கள் ஐயுறுவர்; சட்டம் இருந்தும் கண்மூடியிருக்குமிடத்து, பகிரங்கமாக விற்கப்படுவது அனுமதிக்கப்பட்டதே என்று நம்புவர்.

வெள்ளையாக்கும் கிறீமின் கதை இதற்குத் தக்க சான்று. இக்கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. தோலின் கருநிறமியைத் தோன்றவொட்டாது தடுப்பதால் நிறம் வெளுத்தது போன்ற தோற்றம் உண்டாகும். அப்பாதரசம் தோலினூடே உடலிற் சேர்ந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும்; பூசியவரோடு நில்லாது, துவாயினூடாகவும் தலையணையினூடாகவும் அவ்வீட்டுக் குழந்தைக்கும் செல்லும். வேறு சிலவற்றில் குளோபெற்றசோல் போன்ற வீரியமிக்க ஸ்ரெரொயிட் உண்டு. வைத்தியர் குறுகிய காலத்துக்குச் சிறிதளவு பூசுமாறு எழுதும் அம்மருந்தை மாதக்கணக்கில் முகமெங்கும் பூசினால் தோல் மெலிந்து சிவந்து நரம்போட்டம் வெளித்தெரியும். நிறுத்தினால் முன்னிலும் கருக்கும். கருத்ததும் மீண்டும் வாங்குவர். இங்கு நோயை உண்டாக்குவதும் மருந்தென விற்கப்படுவதும் ஒரே குப்பியே.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அழகுசாதனங்களில் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பதே அதன் முதல் வரையறை. அவ்வரையறையையும் நீக்கி, பாதரசம் சேர்க்கப்பட்ட அழகுசாதனங்கள் யாவற்றையும் 2025இற்குள் ஒழிப்பதென உறுப்பு நாடுகள் 2023இல் தீர்மானித்தன. உலக அரங்கில் கையொப்பமிடுதல் எளிது. உள்நாட்டில் நிகழ்ந்தது யாது? 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலே முதலிடம் பெற்றிருந்த அழகுசாதனப் பொருள் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் இல்லை. விற்பனையாளரோ ‘இது மருந்தன்று, கிறீம்’ என்று கூறித் தப்புகிறார். மெலிவிக்கும் குளிசையாயின் ‘இது மருந்தன்று, உணவு’ என்பார். உணவுமாகாது மருந்துமாகாது இடையில் நிற்பவற்றுக்கு ‘எல்லைநிலைப் பொருள்’ என்ற வகுப்பை 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியிருப்பினும், அவ்வெல்லையில் காவல் நிற்போர் யாரென்று கேட்டால் விடையில்லை.

வெளுத்த தோலே அழகு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது வேறொரு கட்டுரைக்குரியது. மணமகள் தேவைப் பத்திகளில் ‘சிவந்த நிறம்’ கேட்கும் சமூகம், அந்நிறத்தைப் பெறுவதற்காகப் பாதரசம் பூசும் பெண்ணை அறிவிலி என ஏசுவதற்கு உரிமையற்றது என்பதை மட்டும் ஈண்டுக் கூறி அமையலாம்.

இதனினும் கொடியது கருக்கலைப்புக் குளிசையின் வாணிகம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருவைக் கலைத்தல் குற்றமாகும். 1883ஆம் ஆண்டின் அக்கோவை இன்றுவரை இவ்விடயத்தில் அசையவில்லை. குழந்தைகளைப் பெற்றுக் களைத்த தாய், ஏமாற்றப்பட்ட ஆடைத்தொழிற்சாலைப் பெண், உறவினனால் கெடுக்கப்பட்ட சிறுமி, இவர்கள் யாவரும் அச்சட்டத்தின் முன் ஒன்றே. வைத்தியரிடம் வாய்திறக்க இயலாதவள் கைப்பேசியிடம் வாய்திறக்கிறாள். அங்கே மிசோப்ரொஸ்டோல் எனும் பெயரில் ஏதோவொன்று விற்கப்படும்.

மிசோப்ரொஸ்டோல் தன்னளவில் நஞ்சன்று. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. பிரசவத்தின் பின் பெருகும் குருதியை நிறுத்தி எத்தனையோ தாய்மாரின் உயிரைக் காப்பது. அதே குளிசை, கரு எத்தனை வாரம் என்று கேளாதவனிடமிருந்து, கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும் என்பதை அறியாதவனிடமிருந்து, குருதி நில்லாவிடின் எங்குச் செல்வதென்று கூறாதவனிடமிருந்து வரும்போது வேறொன்றாகிறது. உள்ளிருப்பது அக்குளிசைதானா என்பதற்கும் உறுதியில்லை. குருதி பெருகத் தொடங்கியபின் அவள் வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சுவாள்; ஏனெனில் அங்கே பொலிசாரும் வரக்கூடும். அவ்வச்சத்தின் விலையையும் சேர்த்தே விற்பவன் பணம் பெறுகிறான். சட்டத்தின் கடுமை அவனுக்கு இடையூறன்று. அதுவே அவனுடைய முதல். இவ்வுண்மையை ஏற்காது, குளிசை விற்கும் பக்கங்களை மட்டும் மூடக் கோருவோர், ஒரு கதவை அடைத்துவிட்டு அப்பெண்ணை எக்கதவுக்கு அனுப்புகின்றனர் என்பதைக் கூறுதல் வேண்டும். கூறமாட்டார்கள்.

இனி, வாங்குபவரே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்போரின் வாதத்தை நோக்கலாம். படித்தவர் வாயில் இது மிகுதியாக வழங்குகின்றது. அரிசியை உள்ளங்கையில் இட்டுப் பார்க்கலாம். துணியைத் தடவிப் பார்க்கலாம். மீனின் செவுளைத் திறந்து பார்க்கலாம். குளிசையை என் செய்வது? மருந்தியலில் பட்டம் பெற்றவரும் ஆய்வுகூடமின்றி வெறுங்கண்ணால் அதன் உட்பொருளைக் கூறவியலாது. குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் பத்து மருந்துப் பொருள்களில் ஒன்று தரங்குன்றியதோ போலியானதோ என உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. உரிமம் பெற்ற கடைகளையும் உள்ளடக்கிய நிலை அது. பொருளின் தன்மையை வாங்குபவர் அறிய இயலாத வாணிகத்தில், அறிதல் அரசின் கடன். அக்கடனை வாங்குபவர் தலையில் ஏற்றுதல், பாலத்தைக் கட்டாது விட்டுவிட்டு ஆற்றைக் கடப்பவருக்கு நீச்சல் பற்றிச் சொற்பொழிவாற்றுவதற்கு ஒப்பாகும்.

மேலும், கைப்பேசியில் மருந்து வாங்குவோர் யாவரும் சோம்பலால் வாங்குகின்றனரல்லர். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசமே; ஆனால் அங்குச் சென்று வரிசையில் நிற்கும் நாளின் கூலி இலவசமாக வருவதன்று, பேருந்துக் கட்டணமும் இலவசமன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே டொலரின்றி மருந்து வராது, வந்தவற்றின் விலையும் அவ்வேப்ரலில் 40 வீதம் உயர்த்தப்பட்டபோது, தகப்பனுக்கு இன்சுலினும் பிள்ளைக்கு வலிப்பு மருந்தும் தேடி மக்கள் முகநூலில்தான் மன்றாடினர். எவரெவரோ உதவினர், வெளிநாட்டிலிருந்து பொதிகளில் அனுப்பினர். அந்நாளில் அது கருணையின் பாதை. அரசு கைவிட்ட மக்களுக்கு, மருந்தென்பது முன்பின் அறியாதவர் கையிலிருந்தும் வரலாம் என்பதை அந்நெருக்கடியே பழக்கிக் கொடுத்தது. அப்பழக்கத்தின் மேல் வணிகர் வந்து கடை விரித்தனர்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் தகும். ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவேடும் மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் துண்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மருந்தகத்திற் கொடுக்கப்படும் சிறு உறையின்மேல் எழுதப்படுவது அதனை எழுதியவருக்கே விளங்கும். கைப்பேசியில் வரும் போலி மருந்தோ தெளிந்த தமிழில் பேசுகின்றது. ‘அக்கா, பயப்பட வேண்டாம், பக்கவிளைவு ஒன்றும் வராது’ என உறவு கொண்டாடுகின்றது. சட்டம் அந்நிய மொழியில் முணுமுணுக்க, மோசடி தாய்மொழியில் அன்பொழுகப் பேசுமாயின் மக்கள் எதனை நம்புவர்? அரசகரும மொழிகள் இரண்டென அரசியலமைப்பு கூறும் நாட்டில், ஒரு மருந்து பதிவு பெற்றதா எனத் தமிழில் தேடிப் பார்க்க எளிய வழியொன்று இல்லாமை மொழியுரிமைப் பிரச்சினை மட்டுமன்று, உயிர்ப் பிரச்சினையுமாகும். மொழியுரிமை மேடைகளில் தெருப்பெயர்ப் பலகைகளின் எழுத்துப்பிழைகளுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாமவனிடம் மீள்வோம். சமூக ஊடகக் கொம்பனிகள் தம்மை வெறும் அறிவித்தற் பலகை என்றே கூறிக்கொள்ளும். பலகையில் எவர் எதனை ஒட்டினாலும் பலகை பொறுப்பன்று என்பது அவற்றின் வாதம். 2025 நவம்பரில் ரொயிட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இவ்வாதத்தின் முகமூடியைக் கிழித்தது. முகநூலின் உடைமையாளரான மெற்றா, தனது 2024ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ பத்து வீதம், அதாவது 16 பில்லியன் டொலர், மோசடிகளுக்கும் தடைசெய்யப்பட்ட பொருள்களுக்குமான விளம்பரங்களிலிருந்து வருமெனத் தன்னுள்ளேயே கணித்திருந்தது என உள்ளக ஆவணங்களைக் கொண்டு அவ்வறிக்கை கூறிற்று. தடைசெய்யப்பட்ட மருத்துவப் பொருள்களும் அவற்றுள் அடக்கம். விளம்பரஞ் செய்பவர் மோசடிக்காரர் என 95 வீதம் உறுதியானாலன்றி அவரை நீக்குவதில்லை. ஐயம் மட்டும் உண்டாயின் அவரிடம் கூடிய கட்டணம் அறவிடப்படும். அக்கணிப்பு மிகைப்பட்டது என்று கொம்பனி மறுத்துரைத்தது. மிகைப்பட்டதெனவே கொள்வோம், பாதியெனக் கொள்வோம். ஐயத்துக்குரியவனிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு அவன் கடையைத் திறந்துவிடுபவனை அறிவித்தற் பலகை என்பதா, பங்காளி என்பதா?

இக்கொம்பனிக்கு இலங்கை புதிய ஊருமன்று. 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக நிகழ்ந்த வன்செயல்களுக்குத் தன் தளம் துணைபோனமைக்கு அது 2020இல் வருத்தம் தெரிவித்தது. உள்ளூர் மொழிகளை அறிந்து உள்ளடக்கங்களை நோக்குவோர் போதியளவு இல்லாதிருந்தமை அப்போதே வெளிப்பட்டது. வெறுப்பைச் சிங்களத்தில் வாசிக்க ஆளில்லாதவர்கள், பாதரசத்தைத் தமிழில் வாசிக்க ஆள் வைத்திருப்பர் என நம்புவது பேதைமை.

கொம்பனிகள் அமெரிக்காவில் இருக்கின்றன, இச்சிறு தீவு என்ன செய்யும் என்பார் சிலர். இது தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மனப்பான்மை. 2011இல் கனடிய மருந்துக் கடைகள் அமெரிக்கருக்குச் சட்டவிரோதமாக மருந்து விற்க விளம்பரமிட அனுமதித்தமைக்காகக் கூகிள் நிறுவனம் 500 மில்லியன் டொலரை அமெரிக்க அரசுக்கு இழந்தது. கூகிள் விளம்பரத்தாற் பெற்றது மட்டுமன்றி, அக்கடைகள் அந்நுகர்வோரிடம் விற்றுப் பெற்றதும் சேர்த்தே அத்தொகை கணிக்கப்பட்டது. விளம்பரத்தின் இலாபத்தை உண்பவன் விற்பனையின் குற்றத்தையும் உண்ண வேண்டும் என்னும் நியாயம் இதனால் நிலைநாட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையத்தில் மருந்து விற்கும் உரிமம் பெற்ற ஒவ்வொரு கடையும் 2015 முதல் ஒரு பொதுச் சின்னத்தைத் தாங்குகின்றது. அதனைத் தொட்டால் அந்நாட்டு அரசின் பதிவேட்டுக்கு வாசகர் இட்டுச் செல்லப்படுவர். ஐரோப்பாவுக்கு வலிமையுண்டு, இலங்கைக்கு இல்லை எனலாம். ஆயின், வெளிநாட்டு டிஜிற்றல் சேவைகளுக்குப் பெறுமதிசேர் வரியை விரிக்கும் திருத்தச் சட்டத்தை 2025இல் இயற்றியபோது மட்டும் இவ்வலிமை எங்கிருந்து வந்தது? (அவ்வரியைத் தொடங்கும் திகதி பின்தள்ளப்பட்டது வேறு கதை.) வரிக்கு முகவரி தெரிந்த கொம்பனிக்கு மருந்துக் குற்றத்துக்கு முகவரி தெரியவில்லை என்பது ஏற்கத்தக்கதன்று.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதற்குப் போதுமென அரசாங்கத் தரப்பில் கூறப்பட்டதுண்டு. அச்சட்டம் கூற்றுகளைப் பற்றியது. எது பொய்க் கூற்று எனத் தீர்மானித்து நீக்கக் கட்டளையிடும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கின்றது. பத்திரிகையாளரும் மனித உரிமையாளரும் அதனை எதிர்த்தமைக்குத் தக்க காரணமுண்டு. மருந்து விற்றல் கூற்றன்று, வாணிகம். வாணிகத்தை ஒழுங்குபடுத்தப் பேச்சைக் கட்டும் கயிறு வேண்டியதில்லை. பாதரசக் கிறீமைக் காட்டி அக்கயிற்றுக்கு நற்சான்று பெற முயல்வோரிடம் மக்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். நாளை அக்கயிறு கிறீம் விற்பவனை விட்டுவிட்டு, வைத்தியசாலையில் மருந்தில்லை என எழுதும் தாதியின் கழுத்தைத் தேடும்.

உண்மை எது பொய் எது எனத் தீர்மானிக்கும் தகுதி ஆட்சியாளருக்கு உண்டா என்பதும் கேட்கற்பாலது. 2020 டிசம்பரில் கொரோனாவைத் தடுக்குமெனக் கூறப்பட்ட பாணியொன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சரே அதனைப் பகிரங்கமாக அருந்திக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. போலி இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டில், அக்காலத்துச் சுகாதார அமைச்சர் 2024 பெப்ருவரியில் கைதுசெய்யப்பட்டார். குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆயினும், அரச வைத்தியசாலையின் ஊசியையே ஐயுற வேண்டிய நிலைக்கு மக்களைத் தள்ளிய பின், முகநூல் ஊசியை நம்பாதீர் என அவர்களுக்கு அறிவுரை கூறும் வாய்க்கு வலுவேது?

இவ்வளவுங் கூறுதல் கைப்பேசியில் மருந்து பெறுதலே தீது என்பதற்காகவன்று. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் மருந்தகங்கள் மருந்துச்சிட்டையைத் தொலைபேசி வழியே பெற்று மருந்தை வீட்டுக்கு அனுப்பின; அரச கிளினிக்குகளின் மருந்துகளைத் தபாற்காரர் சுமந்து சென்றனர். கருவி இதுவேதான். மறுமுனையில் வைத்தியரும் மருந்தாளரும் இருந்தமையே வேறுபாடு. ஊரடங்கு நீங்கியதும் அவ்வேற்பாட்டை நிரந்தரமாக்கி, மலையகத் தோட்டங்களுக்கும் வன்னிக் கிராமங்களுக்கும் தீவுப்பகுதிகளுக்கும் விரித்திருக்க முடியும். விரித்திருந்தால் அந்த இடத்தைப் பிடிக்கப் பிறருக்கு இவ்வளவு வசதி கிடைத்திராது.

ஆகவே, கட்டுப்பாடு எங்குத் தொடங்க வேண்டும் என்பதில் மயக்கம் வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பத்துக் குப்பிக் கிறீம் விற்று வயிறு வளர்க்கும் பெண்ணொருத்தியைப் பிடித்துத் தொலைக்காட்சிக்குக் காட்டுவதில் அது தொடங்கலாகாது. அவள் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பல வேளைகளில் தானும் அதையே பூசிக்கொள்பவள். 2015ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பணம் பெற்று மருந்து விளம்பரத்தைக் காட்டும் தளமும் விற்பனையாளருக்குச் சமமான குற்றவாளி என வகுக்கப்படல் வேண்டும். அதிகாரசபையின் அனுமதி இலக்கமின்றி இலங்கை வாசகருக்கு மருந்து விளம்பரம் எதனையும் காட்டலாகாது. காட்டினால் பெற்ற விளம்பரக் கூலி மட்டுமன்றி விற்பனைத் தொகையும் பறிமுதலாதல் வேண்டும். தோலில் பூசுவதாயினும் உணவெனப் பெயர் சூட்டியதாயினும் உடலின் தொழிற்பாட்டை மாற்றுவதாக உரிமை கோரும் எப்பொருளும் இவ்விதிக்குள் அடங்க வேண்டும். கூரியர் நிறுவனங்கள் பொதி அனுப்புபவரின் அடையாளத்தைப் பதிந்து வைக்கக் கட்டுப்படுத்தப்படல் வேண்டும்; பொதியைப் பெறுபவரின் பெயரோ விவரமோ எவ்விசாரணைக்கும் பொலிசாருக்குக் கொடுக்கப்படலாகாது. இவ்விறுதி விதி இல்லையேல், முன்னர்க் கூறிய பெண்ணே முதலிற் பிடிபடுவாள்.

பதிவேடு மும்மொழியிலும் கைப்பேசியில் தேடத்தக்கதாக அமைதல் இவற்றுக்கெல்லாம் முந்தியது. அதற்குத் திருத்தச் சட்டமும் வேண்டியதில்லை, நாட்டின் பல்கலைக்கழகங்களில் தமிழறிந்த மருந்தியல் மாணவரும் கணினி மாணவரும் இருக்கின்றனர். ஏனையவற்றுக்குப் பாராளுமன்றம் வேண்டும். 2005இல் ஏற்ற கொள்கையைச் சட்டமாக்க அது எடுத்துக்கொண்ட பத்தாண்டுகளை இம்முறையும் எடுத்துக்கொள்ளப் போகின்றதா என்பதைத் தமிழ் வாக்குகளால் அங்குச் சென்றோரிடமே முதலிற் கேட்க வேண்டும். ஐந்தாமவனைப் பற்றி அவர்கள் வாய்திறப்பார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.